மோரிஸ் ஆட்டம் முடிந்ததும் பப்புக்குள்: இசை செஷனில் இடம்பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

மெலோடியன் வாசிப்பவரின் இடது கைப்பக்கம் மட்டும் உட்காராதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. மெலோடியன் என்பது கையில் பிடித்து வாசிக்கும் துருத்திப் பெட்டி; அதன் துருத்தி இடப்பக்கமாகத்தான் விரியும். விரிகிற வேகத்தில் முழங்கை வெளியே வரும், மேசை விளிம்பில் இருப்பது எதுவும் மிஞ்சாது. ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் ஒரு கிராமத்துப் பப்பில், முதல்முறை போன அன்று, என்னுடைய ஆரஞ்சு ஜூஸ் முழுவதும் பக்கத்து ஆளின் கால்சட்டையில் கொட்டியது. மோரிஸ் ஆட்டக்காரர், கால்சட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. மனிதர் கோபப்படவில்லை. காலில் கட்டியிருந்த சலங்கையை அவிழ்த்துக்கொண்டே, "இவ்வளவு கூட்டத்தில் அந்த நாற்காலி மட்டும் ஏன் காலியாக இருந்தது என்று யோசித்தீர்களா?" என்றார்.

இங்கிலாந்துக்குப் படிக்கவும் வேலைக்கும் வந்த நம்மவர்களில் பலர் மோரிஸ் என்ற இங்கிலாந்து நாட்டுப்புற ஆட்டத்தைக் கடைத்தெருவில் எங்கேயாவது பார்த்திருப்பார்கள். முழங்காலுக்குக் கீழே சலங்கைப் பட்டை, கையில் கைக்குட்டை அல்லது தடி, ஆறு பேர் எதிரெதிராக நின்று குதிப்பார்கள். இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆட்டம் முடிந்து எல்லாரும் பப்புக்குள் போனபின் நடப்பதைப் பார்க்க நாம் நிற்பதில்லை. வாத்தியங்களை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது, டிக்கெட் கிடையாது. கடை மூடும்வரை வாசிப்பும் பாட்டும்தான். இதற்கு செஷன் என்று பெயர். யார் வேண்டுமானாலும் சேரலாம் என்பது உண்மை. எப்படிச் சேருவது என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மூன்று கோடைக்காலம் தப்புத்தப்பாக நடந்து நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. நாளையும் இடத்தையும் பிடியுங்கள்

மோரிஸ் குழுவை 'சைடு' என்பார்கள். குளிர்காலம் முழுக்க ஏதாவது ஒரு கூடத்தில் பயிற்சி நடக்கும். மே முதல் தேதி விடியற்காலையில், சூரியன் எழும் நேரத்தில் ஆடிப் பருவத்தைத் தொடங்கும் சைடுகள் நிறைய. அதன்பின் கோடை முடியும்வரை வாரம் ஒரு சாயங்காலம், வாரம் ஒரு பப் என்று கிளம்பிவிடுவார்கள். அந்த வருடப் பட்டியலைத் தங்கள் இணையதளத்தில் போட்டிருப்பார்கள். தலைவருக்கு 'ஸ்குயர்', ஆட்டம் சொல்லித் தருபவருக்கு 'ஃபோர்மேன்', கடிதப் போக்குவரத்து பார்ப்பவருக்கு 'பேக்மேன்' என்று பெயர். உங்களுக்கு வேண்டியவர் பேக்மேன். "ஆட்டத்துக்குப் பிறகு வாசிப்பு உண்டா?" என்று இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். எல்லா இடத்திலும் இருக்காது. சில சைடுகள் ஆளுக்கொரு பைன்ட் குடித்துவிட்டுக் கலைந்துவிடும்.

எந்த வகை மோரிஸ் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே கேட்கப்போகும் இசை அதைப் பொறுத்தது. நான் மேலே சொன்ன ஆறு பேர் ஆட்டம் காட்ஸ்வோல்டு வகை. அதற்குப் பெரும்பாலும் ஓரிரு வாத்தியக்காரர்களே போதும், ஆகவே செஷனும் சிறியதாக, நெருக்கமாக இருக்கும். வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயர், ஹெரஃபோர்டுஷையர், வொர்ஸ்டர்ஷையர் பக்கத்து ஆட்டம் பார்டர் மோரிஸ். கந்தல் துணிகளை அடுக்கடுக்காகத் தைத்த கோட்டு, கையில் தடி, பின்னால் பெரிய மேளக் கூட்டம். உள்ளே போனாலும் அந்தச் சத்தம் குறையாது.

பார்டர் ஆட்டக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. நம் நிறத்து ஆட்களுக்கு அதைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும், எனக்குப் பிசைந்தது. 2020-இல் மோரிஸ் சங்கங்கள் மூன்றும் சேர்ந்து முழுக்கறுப்பு வேண்டாம் என்று முடிவெடுத்தன. இப்போது பெரும்பாலோர் பச்சை, நீலம், முகமூடி என்று மாறிவிட்டார்கள். பழைய படங்களைப் பார்த்துவிட்டுத் தயங்கிக்கொண்டிருந்தீர்கள் என்றால், போய்ப் பாருங்கள்.

ஊர் தேடுகிறவர்களுக்கு: ஆக்ஸ்ஃபோர்டுஷையரின் பேம்ப்டனில் மே மாதக் கடைசித் திங்கள் விடுமுறையன்று ஆட்டம் காலையில் தொடங்கி நாள் முழுக்க ஊருக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும். எஸெக்ஸில் தாக்ஸ்டெட் ஊரில் கோடைத் தொடக்கத்தில் பல சைடுகள் கூடும். டெவனில் சிட்மத் கடற்கரை ஊரின் நாட்டுப்புற விழா 1955-லிருந்து நடக்கிறது. ஆகஸ்ட் தொடக்கத்தில் அந்த ஒரு வாரம் அங்கே பப்புக்குப் பப்பு செஷன்தான். ஆனால் முதல்முறை போகிறவர்களுக்கு விழா வேண்டாம் என்பது என் கருத்து. கூட்டத்தில் நாற்காலியே கிடைக்காது. சாதாரண ஒரு புதன்கிழமை, சாதாரண ஒரு கிராமம், அதுதான் கற்றுக்கொள்ளும் இடம்.

2. வெளியே நிற்கும்போதே காதைத் தீட்டுங்கள்

செஷனுக்குத்தானே வந்தோம், ஆட்டம் முடிந்தபின் போனால் போதும் என்று நினைக்காதீர்கள். உள்ளே வாசிக்கப்போகும் மெட்டுகளில் பாதி வெளியே ஆடியவைதான். ஜூன் மாதத்தில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். எட்டு மணிக்கு வாகன நிறுத்தத்தில் போய் நின்றுவிடுங்கள்.

ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு வாத்தியக்காரரைக் கவனியுங்கள். அவர் கண் எங்கே இருக்கிறது? ஆட்டக்காரரின் காலில். முதலில் மெட்டின் முதல் பகுதியை ஒருமுறை வாசிப்பார். யாரும் அசைய மாட்டார்கள், மனத்துக்குள் வாங்கிக்கொள்ளும் சுற்று அது. இரண்டாவது சுற்றில்தான் ஆட்டம். நடுவில் ஆட்டக்காரர் எம்பிக் குதிக்கும் இடம் வரும்போது அதே மெட்டு இரண்டு மடங்கு நீண்டு, ஆள் தரையிறங்கும்வரை காற்றில் நிற்கும். கனமான ஆளாக இருந்தால் சீக்கிரம் இறங்குவார், ஸ்வரமும் சீக்கிரம் இறங்கும். பரதநாட்டிய மேடையில் நட்டுவனார் கால் பார்த்துத் தட்டுவாரே, அதே வேலை. இதே மெட்டு உள்ளே போனதும் கால் இல்லாமல் ஓடும், சீராக, கொஞ்சம் வேகமாக. அந்த வித்தியாசம் காதில் விழுந்துவிட்டால் பாதி செஷன் புரிந்த மாதிரி.

ஆட்டம் பழையது. 1448-இல் லண்டன் பொற்கொல்லர் சங்கம் மோரிஸ் ஆடியவர்களுக்கு ஏழு ஷில்லிங் கொடுத்த கணக்கு இருக்கிறது. ஆனால் இன்று நாம் கேட்கும் மெட்டுகள் பிழைத்து வந்ததில் ஒரு குளிர்கால நாளுக்குப் பங்கு உண்டு. 1899 டிசம்பர் 26 அன்று ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய ஹெடிங்டனில், பனியால் கட்டட வேலை நின்றுபோன கொத்தனார்கள் நாலு காசு பார்க்க ஒரு வீட்டு வாசலுக்கு ஆடிக்கொண்டு வந்தார்கள். கிறிஸ்துமஸ் அவர்கள் ஆடும் பருவமே இல்லை. கான்செர்டினா என்ற சிறு துருத்தி வாத்தியத்தை வாசித்தவர் வில்லியம் கிம்பர். அந்த வீட்டில் தங்கியிருந்த இசை ஆசிரியர் செசில் ஷார்ப், மறுநாள் கிம்பரை வரவழைத்து ஐந்து மெட்டுகளை எழுதிக்கொண்டார். ஷார்ப் பெயரில் லண்டனில் கட்டடமே இருக்கிறது. செஷனில் உட்காரும்போது நான் நினைத்துக்கொள்வது என்னவோ அந்தக் கொத்தனாரைத்தான்.

தொப்பி சுற்றி வரும். ஒன்றோ இரண்டோ பவுண்டு போடுங்கள்.

3. உள்ளே போய் உட்காருதல்

முதலில் பார் பக்கம் போய் ஏதாவது வாங்குங்கள். பப்காரர் இடம் தருவதே அந்த வியாபாரத்தை நம்பித்தான். மது வேண்டாம் என்றால் ஜூஸ், லைம் சோடா எதுவும் வாங்கலாம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். சைவக்காரர்களுக்கு ஒரு தகவல்: பீப்பாயிலிருந்து கைப்பம்பில் இறைக்கும் ஏல் என்ற பியர் வகைகளைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பது இங்கே பழைய வழக்கம். வேண்டாதவர்கள் கேட்டு வாங்குங்கள்.

யாராவது "என்ன குடிக்கிறீர்கள்?" என்று கேட்டால் அது ரவுண்டு. அவர் வாங்கினால் அடுத்தது உங்கள் முறை, சொல்லாமலே உங்கள் முறை. ஐந்து பேருக்கு மேல் கூட்டம் என்றால், "எனக்கு இது போதும், நான் கார் ஓட்டணும்" என்று முதலிலேயே விலகிக்கொள்வது பர்சுக்கு நல்லது.

பிறகு நாற்காலி. வாசிப்பவர்கள் உட்காரும் மேசையைப் பார்த்தாலே தெரியும், பெட்டிகள் கிடக்கும். உள்வட்டத்தில் காலி நாற்காலி இருந்தால் அது காலி அல்ல. அதன் ஆள் பாருக்கோ கழிப்பறைக்கோ போயிருப்பார். வயலின்காரரின் வலப்பக்கம் வில் வரும், மெலோடியனின் இடப்பக்கம்தான் ஏற்கெனவே சொன்னேனே. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, வாத்தியப் பெட்டியைக் காலுக்குக் கீழே தள்ளி வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் "வாசிக்கலாமா?" என்று கேளுங்கள். "தாராளமாக" என்றுதான் பதில் வரும். இருந்தாலும் கேளுங்கள்.

4. முதல் ஒரு மணி நேரம் சும்மா இருங்கள்

இதுதான் கஷ்டமான படி, இதைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிக்கிறார்கள்.

இந்த மெட்டுகளின் அமைப்பு எளிது. முதல் பகுதி எட்டு பார் (தாளத்தின் ஒரு அளவு, நம் ஆவர்த்தனம் போல), அதையே திரும்ப ஒருமுறை; இரண்டாம் பகுதி எட்டு பார், அதையும் திரும்ப ஒருமுறை. மொத்தம் 32 பார், ஒரு சுற்றுக்கு அரை நிமிடம் போல ஆகும். ஒரு மெட்டை வழக்கமாக மூன்று சுற்று வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். இப்படி இரண்டு மூன்று மெட்டு சேர்ந்தது ஒரு 'செட்'. ஆகவே தெரியாத மெட்டானாலும் முதல் பகுதியை நீங்கள் ஒரு செட்டுக்குள் ஆறு தடவை கேட்டுவிடுவீர்கள். மூன்றாவது சுற்றில் வாய்க்குள் முணுமுணுக்க வந்துவிடும். அது போதும்.

தாளத்தை நம் சொற்கட்டில் பிடித்துக்கொண்டால் சுலபம். 'ஜிக்' என்றால் தகிட தகிட. 'ரீல்' என்றால் தகதிமி தகதிமி. 'ஹார்ன்பைப்' அதே நாலுதான், ஆனால் நொண்டி நொண்டி நடக்கும். 'போல்கா' இரண்டிரண்டாக ஓடும். அயர்லாந்துக்காரர்களின் செஷனில் ரீல் மழையாகக் கொட்டும்; ஆங்கிலேய செஷன் அதைவிட நிதானம், ஒவ்வொரு அடியிலும் காலை ஊன்றி எம்பும் கனம் இருக்கும். பப்பில் இப்படி வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும் பழக்கமே, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லண்டனின் கேம்டன், கென்டிஷ் டவுன் பக்கம் வேலைக்கு வந்த அயர்லாந்துக்காரர்களால் வேரூன்றியது என்பார்கள். அந்த வகையில் செஷன் என்பதே ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் கொண்டுவந்த சரக்கு.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு சௌகரியம். இந்த மெட்டுகளில் பெரும்பகுதி சங்கராபரண ஸ்வரங்கள்தான், ஷட்ஜமம் ஒன்று டி-யில் இருக்கும் அல்லது ஜி-யில் இருக்கும். மோரிஸ்காரர்களின் மெலோடியன் பெரும்பாலும் அந்த இரண்டு சுருதிக்கே செய்தது என்பதால் வேறு வழியும் இல்லை. எப்போதாவது ஹரிகாம்போதி போல நிஷாதம் இறங்கும். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில் ஒன்றிரண்டு கற்றிருந்தால் அறைக்குள் நுழைந்ததும் ஏதோ தெரிந்த வீடு போல இருக்கும். அவர் அன்று மேல்நாட்டு பேண்டு வாத்தியத்தில் கேட்டு எடுத்துக்கொண்ட மெட்டுகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். 'வந்தே மீனாட்சி' என்பது 'லிமரிக்' என்ற மெட்டு.

5. வாத்தியத்தைத் திறத்தல்

வயலின்காரர்கள் கவனிக்க: ச-ப-ச-ப என்று கூட்டிக்கொண்டு போகாதீர்கள். கனமான தந்தியிலிருந்து ஜி, டி, ஏ, இ என்று கூட்டிக்கொள்ளுங்கள். அதையும் வீட்டிலோ வாசலிலோ முடித்துவிடுங்கள். யாரோ வாசித்துக்கொண்டிருக்கும்போது மேசையில் உட்கார்ந்து முறுக்காணியைத் திருகுவதற்கு மன்னிப்பு கிடையாது. தரையில் உட்கார்ந்து, வயலின் தலையைக் காலில் தாங்கி வாசித்துப் பழகியவர்களுக்கு நாற்காலி முதலில் துரோகம் செய்யும். ஒரு மாதம் வீட்டில் நாற்காலியில் பழகுங்கள். காந்தாரத்தை ஆட்டாதீர்கள். எனக்கு இது வர ஒரு வருடம் ஆனது. கையில் கமகம் ஊறிப்போய், பத்து பேர் நேராக நிற்கும் ஸ்வரத்தில் நான் மட்டும் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தேன். இங்கே அழகு வில்லின் அழுத்தத்தில் இருக்கிறது, விரலில் இல்லை.

தெரிந்த மெட்டு வரும்போது மெதுவாக, பக்கத்து ஆளுக்கு மட்டும் கேட்கும் அளவில் சேருங்கள். பக்கத்தில் இருப்பவரின் வாசிப்பு உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் நீங்கள் சத்தமாக வாசிக்கிறீர்கள். தெரியாத மெட்டில் தடவித் தடவித் தேடாதீர்கள். ஒவ்வொரு செஷனிலும் இப்படி ஒருவர் இருப்பார், எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள், யாரும் அவரிடம் சொல்ல மாட்டார்கள்.

முடிவு வருவதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆரம்பித்தவரின் காலைப் பாருங்கள். கடைசிச் சுற்றில் ஒரு காலைத் தூக்குவார். அல்லது புருவம் உயரும். அடுத்த மெட்டுக்குத் தாவப்போகிறார் என்றால் "ஹப்!" என்று ஒரு சத்தமோ, "ஜி!" என்று சுருதியின் பெயரோ கேட்கும். நான் காகிதத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் இது எதுவும் கண்ணில் படவில்லை. எல்லாரும் நின்றபின் நான் மட்டும் இரண்டு ஸ்வரம் கூடுதலாக வாசித்து, அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. அன்றோடு காகிதத்தை வீட்டில் வைத்துவிட்டேன்.

வீட்டில் கற்க 'ஏபிசி' என்ற எழுத்துமுறை இருக்கிறது. ஸ்வரங்களை ஐந்துகோட்டில் போடாமல் எழுத்துகளாகவே எழுதுவது, நம் ச-ரி-க-ம போல. ஆயிரக்கணக்கான மெட்டுகள் இணையத்தில் அப்படிக் கிடைக்கின்றன. 'வின்ஸ்டர் கேலப்', 'ஸ்பீடு த ப்ளோ', 'ஷெப்பர்ட்ஸ் ஹே' மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எந்தச் சைடோடு போனாலும் இதில் ஒன்றாவது வரும்.

தாள வாத்தியக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: அறையில் ஒரு மேளம் இருந்தால் இரண்டாவது வேண்டாம். அவர்களின் போரான் நம் கஞ்சிராவின் பெரியப்பா மாதிரி. போரான்காரர் பைன்ட் வாங்கப் போகும்போது கஞ்சிராவை எடுங்கள், அவர் வந்ததும் வைத்துவிடுங்கள். அவரே உங்களை அடுத்த செட்டுக்குக் கூப்பிடுவார்.

6. நீங்கள் ஒன்று தொடங்குவது

இரண்டாவது மாதமோ மூன்றாவது மாதமோ யாராவது உங்களைப் பார்த்து, "உங்களிடம் ஒன்று இருக்கிறதா?" என்பார்கள். இல்லை என்று சொல்லலாம், ஒன்றும் குறையாது. ஆம் என்றால், எல்லாருக்கும் தெரிந்த மெட்டாக எடுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த அபூர்வ மெட்டை எடுத்தால் பத்து பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், செஷன் கச்சேரியாகிவிடும். வேகத்தை முதல் இரண்டு பாரிலேயே நிறுவுங்கள். பயத்தில் வேகமாக ஆரம்பித்தால் அந்த வேகத்தில்தான் கடைசிவரை ஓட வேண்டும். மூன்று சுற்று முடியும்போது காலைத் தூக்க மறக்காதீர்கள். நான் மறந்து, அந்த மெட்டு ஏழு சுற்று போனது. மெலோடியன்காரர் கடைசியில் தானே நிறுத்திவிட்டு, "நல்ல நீளம்" என்றார்.

7. பாட்டு

இரவு ஏற ஏற வாத்தியங்கள் ஓய்ந்து பாட்டு வரும். யாரோ ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, சுருதிப்பெட்டி கூட இல்லாமல் தொடங்குவார். அந்த நேரம் யாராவது பேசினால் "ஆர்டர்!" என்ற குரல் வரும். சஃபோக் பக்கத்துப் பப்புகளில் பாட்டு இரவை ஒழுங்குபடுத்த ஒரு தலைவரே இருந்தார். ஈஸ்ட்பிரிட்ஜ் ஊரின் 'ஈல்ஸ் ஃபுட்' பப்பில் நடந்த அப்படி ஓர் இரவை 1939-இல் பிபிசி பதிவு செய்தது.

சரணத்தில் சேராதீர்கள், பல்லவி வரும்போது அடித்தொண்டையிலிருந்து சேருங்கள். பல்லவியில் சும்மா இருப்பதுதான் இங்கே மரியாதைக்குறைவு. வார்த்தை தெரியாவிட்டால் கடைசிச் சொல்லையாவது பிடியுங்கள். பாடுகிறவரிடம் கேட்காமல் பின்னணி வாசிக்க ஆரம்பிப்பது இன்னொரு பெரிய தப்பு. அவர் எந்தச் சுருதியில் முடிப்பார் என்று அவருக்கே தெரியாது.

என்னைப் பாடச் சொன்ன இரவில் நான் கீர்த்தனை எதையும் எடுக்கவில்லை. பாட்டி பாடும் கும்மிப் பாட்டு ஒன்றைப் பாடினேன், 'தன்னானே' என்று திரும்பத் திரும்ப வரும் வகை. இரண்டாவது முறை 'தன்னானே' வந்தபோது அறை முழுக்க வாங்கிக்கொண்டது. மூன்றாவது முறை ஒருவர் கீழே இன்னொரு ஸ்வரத்தில் இழைந்தார், பாட்டி கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. நம் பாட்டு பாட விரும்புகிறவர்கள் அவர்கள் திருப்பிச் சொல்ல இடம் உள்ள பாட்டாகத் தேர்ந்தெடுங்கள்.

8. சட்டம் பற்றி இரண்டு வரி

போலீஸ், உரிமம் என்று பயப்படுகிறவர்களுக்கு. ஒரு காலத்தில் தனி உரிமம் இல்லாத பப்பில் இரண்டு பேருக்கு மேல் வாசிக்கக் கூடாது என்று விதி இருந்தது. மூன்றாவது ஆள் வில்லை எடுத்தால் குற்றம். 2003-இல் வந்த உரிமச் சட்டம் மோரிஸ் ஆட்டத்துக்கும் அதோடு சேர்ந்த ஒலிபெருக்கியில்லாத இசைக்கும் பெயர் சொல்லியே விலக்குக் கொடுத்தது. செஷன்காரர்களுக்கு நிம்மதி வந்தது 2012-இல்தான். அந்த ஆண்டின் நேரடி இசைச் சட்டப்படி, ஒலிபெருக்கி இல்லாத இசைக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காலை எட்டு மணி முதல் இரவு பதினொன்று வரை தனி அனுமதி தேவையில்லை. பதினொன்றுக்கு நிறுத்துவதன் காரணமும் சில இடங்களில் இதுதான். சிறு பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் பப்பை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நேர வரம்பு.

9. கிளம்பும்போது

பார் மணி ஒலித்ததும் கடைசி ஆர்டர். அதன்பின் ஒரு மெதுவான வால்ட்ஸ் வரும், பெரும்பாலும் அதுதான் முடிவு. கைதட்டலுக்குக் காத்திருக்காதீர்கள், யாரும் தட்ட மாட்டார்கள். "நல்லது, நல்லது" என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டியை மூடுவார்கள். காலி கிளாஸ்களைப் பாருக்கு எடுத்துப்போய் வையுங்கள். ஆட்டத் தடிகள் ஒரு கட்டாக வாசல் மூலையில் சாத்தியிருக்கும், அதை யாருடைய காருக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டும், கை கொடுங்கள். அந்த இரண்டு நிமிட நடையில்தான் பேக்மேன் உங்கள் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கேட்டுக் கற்றுக்கொள்வார், அடுத்த புதன் எந்த ஊர் என்றும் சொல்வார். கூடவே, செப்டம்பரில் பயிற்சி தொடங்குகிறது, ஆட ஆள் குறைகிறது என்பார். உங்கள் முழங்கால் தாங்குமா என்று யோசித்துப் பதில் சொல்லுங்கள்.